கழுவிய கூலர்

இல்லை சார், கழுவிப் போட முடியாது. புதுசுதான் போட வேண்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கேட்டீர்கள், சொன்னேன். உங்கள் காரின் பழைய ஆயில் கூலரைக் கழற்றி, விரிசலைப் பற்றவைத்து, நன்றாகக் கழுவி, அதையே திரும்ப மாட்டித் தர முடியாதா என்று கேட்டீர்கள். முடியாது. இந்தப் பட்டறையில் அந்த வேலை கிடையாது.

உங்கள் கண் முன்னால்தானே பார்த்தோம்? என்ஜினைப் பெட்ரோலில் துடைத்தேன். முகத்துக்குப் போடுகிற பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்து, கூலர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பூசினேன். காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. கால் மணி நேரம் ஓடவிட்டோம். வெள்ளை எங்கே முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. அடியில் உள்ள இரண்டு ரப்பர் வளையங்கள் பக்கம் கறுத்திருந்தால், வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு உங்களை அனுப்பியிருப்பேன். அங்கே வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற சின்னக் கண்ணாடியை இடுக்கில் விட்டு உங்களுக்கே காட்டினேன். எண்ணெய் வந்தது வளையத்துக்கு நாலு விரல் மேலே. கூலரின் உடம்பிலிருந்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பொள்ளாச்சியிலிருந்து வருகிறீர்கள் என்றீர்கள். அப்படியென்றால் ஈச்சனாரி வழியாகத்தான் வந்திருப்பீர்கள். கோயிலைத் தாண்டி, ரோட்டோரத்தில், நீல ஷட்டர் போட்ட ஒரு பட்டறை. அங்கே நிறுத்தினீர்களா?

தலையை ஆட்டுகிறீர்கள். போதும். மீதியை நானே சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் பேர் சென்னியப்பன். என்னைப் பற்றி, 'அந்தச் சிங்காநல்லூர் நாச்சிமுத்து, கோத்தகிரி மாஸ்டருடைய என்ஜினைத் தின்றவன், அவனிடம் போகாதே' என்று சொல்லியிருப்பான். இருங்கள், இருங்கள். குறுக்கே பேசாதீர்கள். இந்த என்ஜின் தொடுகிற சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாகும். அதுவரை உங்களுக்கும் வேலையில்லை, எனக்கும் வேலையில்லை. ஒரு பக்கத்துப் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்தையும் கேளுங்கள். ஃபேனை உங்கள் பக்கம் திருப்பட்டுமா?

சென்னியப்பன் யார் தெரியுமா? என் மனைவியின் அண்ணன். என் தங்கையின் புருஷன். பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். இரண்டு கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்தது. அடுத்த ஆடி முடிந்ததும் இந்தப் பட்டறையைச் சேர்ந்து ஆரம்பித்தோம். இருபத்தெட்டு வருஷம். உங்களுடையது மாதிரி பீட்டில் கார் என்றால் சேலம், ஈரோடு, ஊட்டி எல்லா இடத்திலிருந்தும் இங்கேதான் வருவார்கள். அவன் என்ஜினின் வயிற்றைப் பார்ப்பான். கிராங்க், பேரிங், பிஸ்டன் எல்லாம் அவன். நான் மேலே இருப்பதைப் பார்ப்பேன். கார்புரேட்டர், ஃபேன், ஆயில் கூலர் எல்லாம் நான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாமானை யார் மாட்டுகிறாரோ அவர் அதன்மேல் சாக்பீஸால் கோடு போடுவார். என் கோடு ஒன்று. அவன் கோடு இரண்டு. கோடு விழுந்த சாமானை மற்றவன் கையால் தொடக் கூடாது. வாயால் சொல்லலாம். எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். கை மட்டும் வைக்கக் கூடாது. இதைக் 'கை' என்போம். 'அது யார் கை?' 'என் கை.' அதோடு பேச்சு முடிந்தது. வழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். நான் சரிசெய்து வைத்த கார்புரேட்டர் ஸ்க்ரூவை ஒருநாள் அவன் கால் சுற்று திருப்பிவிட்டான். அன்றைக்குக் கொண்டுவந்தேன். நல்ல வழக்கம். இன்றைக்கும் நான் மட்டும் இருக்கிற பட்டறையில் நான் கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முந்திய சித்திரை. கோத்தகிரி போஜன் மாஸ்டருடைய வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கணக்கு வாத்தியார். எழுபத்து மூன்று வயது. சாம்பல் நிறப் பீட்டில், அறுபத்தேழாம் வருஷத்து மாடல். நாற்பது வருஷமாக அவர் ஒருவர் கைதான் அந்த ஸ்டீயரிங்கில் பட்டிருக்கிறது. தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார், எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று நோட்டில் எழுதி வைப்பார். அப்படிப்பட்ட மனுஷர்.

என்ஜினைத் திறந்தோம். பேரிங் பொரிந்து உதிர்ந்துபோயிருந்தது. வடித்த ஆயிலை வெயிலில் காட்டினால் ஜிகினா கலந்த மாதிரி மின்னியது. பேரிங் தேய்ந்து பொடியான தூள்.

சென்னியப்பன் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மச்சான், கூலரைப் புதுசாப் போட்டுருங்க. இந்தத் தூளெல்லாம் அதுக்குள்ளதான் போய்ப் படிஞ்சிருக்கும்."

உங்களுக்கும் புரியட்டும், சொல்கிறேன். உங்கள் வண்டியில் தண்ணீர் கிடையாது. காற்றுதான் என்ஜினை ஆற்றுகிறது. அந்தக் காற்றிலே ஆயிலையும் ஆற்ற வேண்டும். அதற்குத்தான் கூலர். ஒரு செங்கல் அளவு இருக்கும். உள்ளே மெல்லிய குழாய்கள், குழாயைச் சுற்றித் தகடுகள். சூடான ஆயில் ஒரு துவாரத்தில் ஏறி, குழாய்களெல்லாம் சுற்றி, மறு துவாரத்தில் இறங்கும். ஏறும்போது ஆயிலில் தூள் இருந்தால் அந்தத் தூள் வளைவுகளில் தங்கிவிடும். பிறகு ஆயிலோடு திரும்பி வந்து புதுப் பேரிங்கையும் தின்னும். இதைத்தான் அவன் சொன்னான். எனக்குத் தெரியாததை ஒன்றும் சொல்லவில்லை.

"கழுவிக்கறேன் மாப்ளே," என்றேன்.

"கழுவுனாப் போவாதுங்க மச்சான். உள்ள கை போவாது, பிரஷ் போவாது. போயிருச்சான்னு பாக்கக் கண்ணும் போவாது."

"என்ற கை போகும்."

புதுக் கூலர் பம்பாயிலிருந்து வர வேண்டும். இருபது நாள் ஆகும். மாஸ்டருக்குப் பன்னிரண்டு நாளில் வண்டி வேண்டும். அவருடைய பள்ளிக்கூடத்துக்கு ஐம்பதாவது வருஷ விழா. அவரிடம் முதலில் படித்த பிள்ளைகளெல்லாம் தாத்தா பாட்டியாகி வருகிறார்கள். 'அந்தக் காலத்தில் நான் வண்டியை வாசலில் நிறுத்தினால்தான் மணி அடிப்பார்கள்' என்றார். அந்த வண்டியிலேயே போய் இறங்க வேண்டும் என்று ஆசை.

"பஸ்ஸுல போகச் சொல்லுவோமுங்க மச்சான்," என்றான் சென்னியப்பன். "வண்டி அப்பறம் வரட்டும். அந்த மனுஷன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"நான் சொன்ன தேதிக்கு வண்டி குடுக்காம இருந்திருக்கனா? ஒரு வண்டி? சொல்லு பாப்போம்."

சொல்ல ஒரு வண்டியும் கிடையாது.

கழுவினேன் சார். எப்படிக் கழுவினேன் என்று கேளுங்கள். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பெட்ரோல் விட்டுக் குலுக்கினேன். இந்தத் துவாரத்தில் காற்றடித்தேன், அந்தத் துவாரத்தில் காற்றடித்தேன். இப்படி ஐந்து தடவை. கடைசியாக விட்ட மண்ணெண்ணெயை என் வேட்டியைக் கிழித்து அதில் வடிகட்டினேன். வேலை செய்கிற வேட்டி இல்லை, கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி. ஒரு மினுக்கு இல்லை. துணியைக் கொண்டுபோய் அவன் மூக்குக்கு நேரே காட்டினேன்.

"தூளு வெளிய வரலைங்கறதுக்குத்தான் இது சாட்சிங்க மச்சான். உள்ள தங்கலைங்கறதுக்குச் சாட்சி இல்லீங்க," என்றான்.

பேச்சைப் பாருங்கள்! நான் கூலரை மாட்டினேன். கோடு போட்டேன். அவன் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். இப்போது நான் கேட்கிறேன். அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தவன் அன்றைக்கே அதைக் கழற்றி எறிந்திருக்க வேண்டுமா, இல்லையா? ஏன் கழற்றவில்லை? வழக்கமாம்! என் கோடாம்! நியாயத்துக்கு முன்னால் வழக்கம் என்ன வழக்கம்?

சோதனை ஓட்டம் போனோம். நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில். சூலூர் வரை போய்த் திரும்பினோம். வெண்ணெய் மாதிரி ஓடியது.

"எப்படி?" என்றேன்.

"என்ஜின் இன்னும் சூடே ஆவலீங்க. ஆயில் கெட்டியா இருக்கறப்போ பாதிக்கு மேல கூலர் பக்கமே போவாது. குறுக்கு வழியில போயிரும். நல்லாச் சூடாகி எளகுனாத்தான் மொத்த ஆயிலும் கூலருக்குள்ள ஏறும். மேட்டுல ஏத்திப் பாக்கோணும்."

"சித்திரை மாசம், மத்தியானம் பன்னெண்டு மணி, சூலூர் ரோடு. இது சூடில்லையா உனக்கு?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை விடியற்காலையில் மாஸ்டர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கோட்டு போட்டிருந்தார். ஒருநாள் முன்னாடியே! மேட்டுப்பாளையம் வரை சமவெளி, ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் மலை. குஞ்சப்பனை ஊரைத் தாண்டி நாலாவது வளைவில் ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. பின்னால் பஸ், ஒதுங்க இடமில்லை. அடுத்த வளைவு வரை ஓட்டியிருக்கிறார். அங்கே போய் நிறுத்துவதற்குள் உள்ளே கடகடவென்று சத்தம். அப்படியே இறுகி நின்றுவிட்டது.

பத்து மணிக்கு ஃபோன். அந்த வளைவில் இருந்த ஒரு டீக்கடையிலிருந்து பேசினார்.

"நாச்சிமுத்து, வண்டி நின்னுபோச்சுப்பா. விளக்கு எரிஞ்சப்புறமும் ஒரு வளைவு ஓட்டிட்டேன். நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

கவனித்தீர்களா? அவரே கேட்கிறார். நான் கேட்கச் சொல்லவில்லை. 'நான் தப்புப் பண்ணிட்டேனா' என்று அவர் வாயால் கேட்கிறார். கணக்கு வாத்தியார், யோசிக்காமல் பேசுகிறவர் இல்லை. நான் என்ன சொல்வது?

"ஆமாங்க மாஸ்டர். ரெண்டாவது கியர்லயே ரொம்ப நேரம் இழுத்திருப்பீங்க. விளக்கு எரிஞ்சதுமே நிறுத்தியிருக்கோணும்," என்றேன்.

"அப்படியா," என்றார். "வயசாயிடுச்சுப்பா. கால் சொன்னபடி கேக்கறதில்ல."

அவ்வளவுதான் பேச்சு. நான் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் சென்னியப்பன் நிற்கிறான். முகம் வெளுத்திருக்கிறது. அவன் இருபத்தெட்டு வருஷமாக என்னை 'ங்க' போடாமல் பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

"என்ன சொன்ன நீ? அவருகிட்ட என்ன சொன்ன?"

"கேட்டாரு, சொன்னேன்."

"கூலரை வெட்டிப் பாக்கலாம். வண்டி வரட்டும். வெட்டிப் பாத்துட்டுப் பேசு."

"அது என்ற கை. என்ற கையை வெட்டிப் பாக்கறதுக்கு நீ யாரு?"

அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் தினமும் ஒரே பேச்சைப் பேசினான். 'மாஸ்டருக்கு ஒரு ஃபோன் போடு. உங்க தப்பில்லை, நான் கழுவுனது பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும். வேற ஒண்ணும் கேக்கல.' ஒரு வார்த்தையாம்! அவன் கணக்கில் அது ஒரு வார்த்தை. நான் ஆயிலைச் சொன்னேன். ஆயில் வாங்கிய கடை சரியில்லை என்று. ஃபேன் பெல்ட்டைச் சொன்னேன். மலைக் காற்றில் ஈரம் அதிகம் என்றுகூடச் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'ஃபோன் போடு' என்பான்.

எட்டாம் நாள் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தன் கோடு இருந்த சாமான்களையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான். அதையும் சொல்ல வேண்டும்.

இதோ டீ வந்துவிட்டது. இவள்தான் ராஜாமணி, என் மனைவி. ராஜாமணி, இவர் பொள்ளாச்சிக்காரர். உன் அண்ணன் கடையில் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"அண்ணன் நல்லா இருக்குதுங்களா? இளைச்சிருக்குதா?"

பார்த்தீர்களா? இதுதான் கேள்வி. என் பட்டறையில் நின்றுகொண்டு, என் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் இளைத்தானா என்று கேட்கிறாள். இவள் அண்ணன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. போய்விட்டு வந்தால் இரண்டு நாள் பேச மாட்டேன், அவ்வளவுதான்.

"கூலரைக் கழுவுன அக்கறையில வாயைக் கொஞ்சம் கழுவியிருந்தா எங்கண்ணன் ஏனுங்க போகுது?"

சரி, நீ டீயைக் கொடு.

எங்கே விட்டேன்? ஆம். மாஸ்டர் என்ஜினை நான் தனியாகவே மறுபடி கட்டினேன். வயிற்றையும் நானே, மேலே இருப்பதையும் நானே. கிராங்கைத் திரும்பவும் கடைய வேண்டியிருந்தது. இரண்டு மாதம் ஆயிற்று. புதுக் கூலர் வரவழைத்துப் போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். இழுத்து வந்தபோது பழையதில் ஒரு தகடு வளைந்திருந்தது. அதனால் போட்டேன். ஒரு தகடு வளைந்தால் காற்று சரியாகப் போகாது. இதில் வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வண்டியை நானே கோத்தகிரிக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். விழா எப்போதோ முடிந்துவிட்டது. பழைய மாணவன் ஒருத்தன் ஜீப்பில் வந்து அவரைக் கூட்டிப்போனானாம். மாஸ்டர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். பானட்டைத் தடவினார். சாவியைக் கொடுத்தேன். வாங்கி ஆணியில் மாட்டினார்.

"ரொம்ப நல்லாப் பண்ணிட்ட நாச்சிமுத்து. ஆனா நான் இனி ஓட்டறதா இல்ல. ஒரு வளைவுக்குள்ள நாற்பது வருஷ வண்டியைக் கெடுத்துட்டேன். இன்னொரு தடவை கெடுக்கக் கூடாது."

அந்த வயதில் மலையில் வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லதுதானே சார்? நீங்களே சொல்லுங்கள். இப்போது எழுபத்தேழு. பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. வண்டி ஷெட்டில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. பத்திரமாக இருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்? சென்னியப்பன் இதைக் கேள்விப்பட்டு என் தங்கையிடம் சொல்லி அனுப்பினான். 'உங்கண்ணன் ஒரு மனுஷனைக் கீழ இறக்கி உட்டுட்டாரு' என்று. நானா இறக்கினேன்? அவராக இறங்கினார்.

மாஸ்டர் வண்டியோடு சேர்த்து இந்த நாலு வருஷத்தில் பத்தொன்பது என்ஜின் செய்திருக்கிறேன். பத்தொன்பதுக்கும் புதுக் கூலர். அது இப்போதைய பழக்கம் சார். வாடிக்கையாளர்கள் புதுசைத்தான் விரும்புகிறார்கள். சோதனை ஓட்டமும் இப்போது சூலூருக்குப் போவதில்லை. கோத்தகிரி வரை போவேன். எனக்கு அந்தக் குளிர் பிடிக்கும். மேலே போய், மாஸ்டர் வீட்டு கேட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஒரு யூகலிப்டஸ் மரம் இருக்கிறது, அங்கே நிறுத்துவேன். நிறுத்த வசதியான இடம். என்ஜினை ஓடவிட்டுக் கேட்பேன். ஷெட்டைப் பார்ப்பேன். தார்ப்பாய் அப்படியே இருக்கும். ஒரு தடவை மாஸ்டர் வெளியே வந்தார். பீட்டில் சத்தம் கேட்டுத்தான் வந்திருப்பார். நான் கிளம்பிவிட்டேன். நேரமாகிவிட்டது அன்றைக்கு.

இவ்வளவுதான் நடந்தது. இதில் நான் செய்த தப்பு என்ன? போய்ச் சென்னியப்பனிடம் கேளுங்கள். ஊர் முழுக்க என்னைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனிடம்...

"ஏனுங்க, நான் டீ கொண்டாந்ததுலருந்து இந்த சார் என்னமோ சொல்ல வர்றாரு. நீங்களும் உட மாட்டேங்கறீங்க. சொல்லுங்க சார். அவர் கெடக்கறாரு."

என்ன? சொல்லுங்கள். யார் உங்களைத் தடுத்தது?

…

திரும்பச் சொல்லுங்கள்.

'கூலர் வேலையா? அது என்ற கை இல்லைங்க. சிங்காநல்லூர்ல எங்க மச்சான் இருக்காரு. அவருகிட்டப் போங்க.' இப்படியா சொன்னான்? 'எங்க மச்சான்' என்றா?

தனிக் கடை வைத்து நாலு வருஷமாயிற்று. அவன் கடையில் எல்லாமே அவன் கைதானே! யாருக்காகக் கூலரைத் தொடாமல் வைத்திருக்கிறான், பைத்தியக்காரன்?

வேறு என்ன சொன்னான்? முழுதாகச் சொல்லுங்கள்.

'நம்பி உட்டுட்டு வாங்க. பழசைக் கழுவிப் போட மாட்டாரு. பம்பாய்க்காரன் எனக்கும் சாமான் அனுப்பறான். பத்தொம்பது கூலர் போயிருக்குதுங்க அவருக்கு.'

அப்படியா. எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

ராஜாமணி, நீ ஏன் இங்கேயே நிற்கிறாய்? உனக்கு அடுப்பில் வேலை இல்லையா? சிரிக்காதே. சரி, நில். நீயும் கேட்டுக்கொள். உன்னிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அந்தப் பழைய கூலரை நான் வெட்டிப் பார்த்தேன். அவன் போன மறுநாள். நீ கோயிலுக்குப் போயிருந்தாய். ஷட்டரை இறக்கிவிட்டு, வைஸில் இறுக்கி, ரம்பத்தால் நடுவில் அறுத்தேன். முதல் வரிசைக் குழாய் சுத்தம். இரண்டாம் வரிசை சுத்தம். பளபளவென்று இருந்தது. ஐந்து தடவை கழுவியது வீண் போகவில்லை. கடைசி வரிசையில், குழாய் திரும்புகிற மூலையில், கொஞ்சம் இருந்தது. எவ்வளவு என்றால், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. கறுப்புப் பசையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். மின்னியது. மீதி எவ்வளவு இருந்து எவ்வளவு ஆயிலோடு போனதோ, எனக்கெப்படித் தெரியும்?

இரண்டு துண்டையும் பழைய இரும்புக்குப் போட்டேன். ஒரே ஆளிடம் போடவில்லை. ஒன்று இங்கே, ஒன்று ஒண்டிப்புதூரில்.

நான் ஒத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஐந்து தடவை கழுவினேன். எந்த மெக்கானிக் ஐந்து தடவை கழுவுவான்? ஒரு சிட்டிகை சார், ஒரே ஒரு சிட்டிகை! அதை முன்கூட்டியே எவன் கண்டுபிடிப்பான்?

அவன் கண்டுபிடித்தான். அது வேறு விஷயம்.

என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். ஆறிவிட்டதா? சரி. இன்றைக்கு ராத்திரி உங்களுக்குச் சிங்காநல்லூரிலேயே தங்கல். மாடியில் அறை இருக்கிறது. புதுக் கூலர் அலமாரியில் இருக்கிறது, நேற்றுத்தான் வந்தது, இருபதாவது. இறக்கி, மாட்டி, வளையம் போட்டு, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவேன். நாளைக் காலை ஆறரைக்குச் சோதனை ஓட்டம். கோத்தகிரிக்கு.

உங்கள் ஃபோனில் அவன் நம்பர் இருக்கிறதா? கூப்பிடுங்கள். நான் பேச மாட்டேன், நீங்கள் பேசுங்கள். நான் சொல்கிறபடி சொல்லுங்கள். 'சூலூருக்குப் போனால் சோதனை இல்லை என்று சொன்னாயல்லவா? நாளைக்கு மேடு ஏறுகிறோம். என் கை மேல் சந்தேகமிருந்தால் வந்து உட்கார்ந்து பார். குஞ்சப்பனையில் விளக்கு எரிகிறதா என்று உன் கண்ணாலேயே பார்த்துக்கொள். ஆறரை என்றால் ஆறரை. ஆறு முப்பத்தொன்றுக்கு நான் இருக்க மாட்டேன்.' சத்தமாகச் சொல்லுங்கள். கொஞ்சம் கோபமாகவே சொல்லுங்கள்.

அப்புறம் இதையும் சொல்லுங்கள். வரும்போது அவன் பேட்டரி ஒன்றைச் சார்ஜ் செய்து எடுத்துவரட்டும். ஆயில் இரண்டரை லிட்டர் நான் எடுத்துவருகிறேன். நாலு வருஷமாக நிற்கிற வண்டி, பேட்டரி செத்திருக்கும், ஆயில் களியாகியிருக்கும். எந்த வண்டி என்று கேட்பான். கேட்டால் பதில் சொல்ல வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

மரத்தடியில் நிறுத்த மாட்டேன். கேட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போவேன். அங்கே நான் என்ன பேசப்போகிறேன் என்பது என் விஷயம். என் கை. அதில் ஒருத்தனும் வாய் வைக்கக் கூடாது. சென்னியப்பன் பக்கத்தில் சும்மா நின்றால் போதும்.

என்ன சொன்னான்? வருகிறானா? 'ஆறுக்கே வந்துருவேன்னு சொல்லுங்க' என்றானா? திமிரைப் பார்த்தீர்களா!

சார், ஒரு விஷயம். நாளைக்கு நீங்கள் பின் சீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும். வண்டி உங்களுடையதுதான், தெரியும். ஆனால் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம்.